அடைப்புக்குறிக்குள் அப்புத்தளை

எங்கள் ஆட்கள் ஒரு செய்தித்தளத்தைத் திறந்தால் முதலில் பார்ப்பது மரண அறிவித்தலைத்தான். உலகத்தில் எங்கே குண்டு விழுந்தது, எந்த அரசு கவிழ்ந்தது என்பதையெல்லாம் அதற்குப் பிறகுதான் பார்ப்பார்கள். இதை நான் குறையாகச் சொல்லவில்லை, மடாம் நதாலி. ஊர் முழுவதும் உலகமெங்கும் சிதறிப்போன சனத்துக்கு யார் இருக்கிறார், யார் போய்விட்டார் என்று அறிய வேறு வழியில்லை. எங்கள் தளத்துக்கு வருகிற வருமானத்தில் பெரும்பங்கும் அதில்தான் வருகிறது. சீனாவைப் பற்றியும் அமெரிக்காவைப் பற்றியும் நான் போடுகிற பக்கங்களுக்கு இறந்தவர்கள்தான் வாடகை கட்டுகிறார்கள்.

தேநீர் ஆறுகிறது, குடியுங்கள். ஊடகச் சுதந்திரம் பற்றிய உங்கள் அறிக்கைக்காக இதை மொழிபெயர்ப்பவருக்கு ஒன்று சொல்லவேண்டும். வீட்டிலும் தெருவிலும் எனக்கு யாழ்ப்பாணத்துப் பேச்சுத்தான். ஆனால் ஒலிப்பதிவுக் கருவியைக் கண்டால் தானாகவே செய்தித்தமிழ் வந்துவிடும். இத்தனை காலம் செய்தி வாசித்த வாய்க்கு இனி வேறு பழக்கம் வராது. பெயர் தவரத்தினம். பாரிசில் லா சப்பலில் இறங்கி தவம் அண்ணை என்று கேட்டால் சேலைக்கடைக்கு மேல்மாடி என்று யாரும் காட்டுவார்கள். இப்போது யன்னலுக்கு நேரே மேம்பாலத்தில் போகிறதே, இந்த மெத்ரோ ரயில் கடக்கும்போது நாங்கள் தளத்துக்கான ஒலிச்செய்தி வாசிப்பை நிறுத்திவிடுவோம். போனபின் விட்ட இடத்திலிருந்து தொடர்வோம். நேயர்களுக்கு அது பழகிவிட்டது.

எங்கள் தளத்தின் பெயர் துலாக்கோல். பெயரைக் கேட்டுச் சிரித்தவர்கள் உண்டு, ஆனால் அந்தப் பெயருக்கு நான் ஒருநாளும் துரோகம் செய்ததில்லை. பக்கத்தைத் திறந்தால் இரண்டு பத்திகள் இருக்கும். இடப்பத்தியில் மேற்கத்தைய செய்தி நிறுவனங்கள் சொன்னது. வலப்பத்தியில் அதே நிகழ்வைப் பற்றிச் சீனச் செய்தி நிறுவனம் சொன்னது. ஹொங்கொங்கில் இளைஞர்கள் தெருவில் இறங்கினால் இடப்பக்கம் அவர்கள் போராட்டக்காரர்கள், வலப்பக்கம் கலகக்காரர்கள். பாரிசில் மஞ்சள் அங்கிக்காரர் தெருவில் இறங்கினால் சொற்கள் இடம் மாறிவிடும். ஒரு பக்கத்தில் தடுப்பு முகாம் என்றிருப்பது மறுபக்கத்தில் தொழிற்பயிற்சி நிலையம் என்றிருக்கும். கடன்பொறி என்று இங்கே எழுதப்படும் துறைமுகம் அங்கே நட்பின் சின்னம். நான் எந்தச் சொல்லையும் தொடமாட்டேன். இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்துவிட்டு எழும்பிப் போய்த் தேநீர் ஊற்றுவேன்.

கீழே சேலைக்கடை வைத்திருக்கிற நாகேஸ்வரி அக்கா ஒருமுறை என்னைப் படியில் மறித்தார்.

"தவம், உன்ரை பக்கத்தை வாசிச்சால் எனக்குத் தலை சுத்துது. ரெண்டு பேரும் பொய் சொல்லுகினம் எண்டால், நீ போய்ப் பாத்து உண்மையை எழுதன்."

"அது என்ரை வேலை இல்லை அக்கா. இரண்டையும் போடுறதுதான் என்ரை வேலை."

"அப்ப நீ பேப்பர்க்காரன் இல்லை, தபால்காரன்," என்று சொல்லிவிட்டு அவர் சேலை மடிக்கப் போய்விட்டார். நல்ல மனுசி. பத்திரிகைத் தொழில் தெரியாது.

இந்தப் பழக்கம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று நீங்கள் கேட்கலாம். இலங்கையில் போர் முடிகிற மாதங்களில் நாங்கள் இந்த நகரத்தின் தெருவில் ஆர்ப்பாட்டம் செய்து நின்றோம். அங்கே கடற்கரையில் எங்கள் சனம் செத்துக்கொண்டிருந்தது. ஒரு தொலைக்காட்சியிலிருந்து வந்து படம் பிடித்தார்கள். மாலையில் வீட்டுக்கு ஓடிப்போய்ப் போட்டுப் பார்த்தால், எங்களால் போக்குவரத்து எவ்வளவு தாமதம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். சீனத் தொலைக்காட்சியைத் தேடிப்பிடித்துப் பார்த்தேன். அங்கே இலங்கை அரசின் அறிக்கையை வரி பிசகாமல் வாசித்தார்கள். மேற்கில் எங்களைப் பற்றி எதையும் எழுதலாம், ஆனால் எழுத ஒருவருக்கும் நேரமில்லை. கிழக்கில் நேரம் இருக்கிறது, அனுமதிதான் இல்லை. அன்றைக்கு எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. இனி எவருடைய ஆளாகவும் இருப்பதில்லை என்று அன்று முடிவெடுத்தேன்.

அப்படி இருந்ததால்தான் இரண்டு பக்கமும் என்னை மதித்தது. மேற்குப் பக்கத்துக்கு பெர்னார். புலம்பெயர்ந்த ஊடகங்களுக்கு உதவுகிற ஓர் அமைப்பில் இருக்கிறார், உங்களுக்குத் தெரிந்திருக்கும். எங்கள் ஒலிவாங்கிகளை அவர்தான் வாங்கித் தந்தார். சீனப் பக்கத்துக்கு மலர்விழி. சிரிக்காதீர்கள், அது அவர் தமிழுக்காகத் தானே வைத்துக்கொண்ட பெயர். பெய்ஜிங்கில் தமிழ் படித்த சீனப் பெண். இங்கே ஒரு சீன ஊடக நிறுவனத்தின் பாரிஸ் அலுவலகத்தில் வேலை. தமிழில் ஆயத்தமாகச் செய்த காணொளிகளை எங்களுக்கு இலவசமாக அனுப்புவார். மாதத்தில் சில தடவை லா சப்பலுக்கு வந்து மசாலைத் தோசை சாப்பிட்டுவிட்டு மாடி ஏறி வருவார். எங்கள் பிள்ளைகள் பிரெஞ்சில் பதில் சொல்லும்போது அவர், "ஐயா, நலமாக இருக்கிறீர்களா? இன்று மழை வரும் போலிருக்கிறதே," என்பார். எனக்கு வெட்கமாக இருக்கும்.

அவருக்கு எங்கள் மரண அறிவித்தல்கள் மிகவும் பிடிக்கும். ஒன்றையும் விடாமல் வாசிப்பார். உறவுமுறைச் சொற்களை அவற்றிலிருந்துதான் படித்ததாகச் சொன்னார். மைத்துனர், சகலன், சம்பந்தி, பெறாமகன். சீனத்திலும் இப்படி ஒவ்வோர் உறவுக்கும் தனிச்சொல் உண்டாம், பிரெஞ்சுக்காரரிடம் இல்லையே என்று கவலைப்பட்டார். ஒரு குடும்பத்தின் பிள்ளைகள் ஒவ்வொருவரும் எந்த நாட்டில், எந்த ஊரில் இருக்கிறார்கள் என்பதை அடைப்புக்குறிக்குள் போடுகிறோமே, அதைப் பார்த்து வியந்தார். "உங்கள் மக்களைத் தேடுவதற்கு உளவுத்துறையே தேவையில்லை, ஐயா," என்று ஒருநாள் சொன்னார். அது பகிடிதான். நானும் சிரித்தேன்.

இனி யோனைப் பற்றிச் சொல்லவேண்டும்.

யோன் மன்னாரில் பேசாலைப் பொடியன். கொழும்பில் சீனமொழி படித்து, வடக்குக் கரையில் ஒரு சீன நிறுவனம் கட்டிக்கொண்டிருந்த இறங்குதுறையில் மொழிபெயர்ப்பாளனாக இருந்தான். மழைக்காலத்தில் அங்கே சாரம் சரிந்து, மீன்பிடியை விட்டு வேலைக்கு வந்த நம்மவர் மூன்று பேர் கடலுக்குள் போய்விட்டார்கள். அன்று அவர்கள் வேலைக்கே வரவில்லை என்று நிறுவனம் சொல்லிவிட்டது. அதைச் சரிக்கட்டிக் கொடுத்தவர் ஆள் பிடித்துக் கொடுத்த உள்ளூர்க் குத்தகைக்காரர். அவரும் நம்மவர்தான், அடியாட்கள் வைத்திருக்கிற நம்மவர். உள்ளூர்ப் பத்திரிகைகள் எழுதவில்லை. யோன் எங்கள் தளத்தின் இலக்கத்தைத் தேடிப்பிடித்து எனக்கு அழைத்தான்.

"அண்ணை, அந்தப் பெஞ்சாதிமாரை வரிசையா இருத்திப்போட்டு, உங்கடை புருசன்மார் அண்டைக்கு வேலைக்கு வரேல்லை எண்டு என்னைச் சொல்லச் சொன்னவங்கள். சீனக்காரன் சொன்னான், நான் தமிழிலை சொன்னனான். அந்தப் பொய் என்ரை வாயாலைதான் அண்ணை வந்தது. ஒரு அக்கா என்னையே பாத்துக்கொண்டிருந்தவா. எனக்கு நித்திரை இல்லை."

நான் அவனிடம் பெயரும் இடமும் வெளியில் வராது என்று வாக்குக் கொடுத்தேன். என்னுடன் வேலை செய்த ஷிரோமி அவனுடைய குரலை மாற்றினாள். இங்கேயே பிறந்த பிள்ளை, கெட்டிக்காரி. பெற்ற தாய் கேட்டாலும் அடையாளம் பிடிக்கமுடியாதபடி செய்தாள். செய்தி வெளிவந்தது. குத்தகைக்காரரின் ஆட்கள் யாராக இருக்கும் என்று ஊகித்துக்கொண்டு பேசாலைக்குப் போய்த் தாயை விசாரித்தார்கள். அதற்கு முன்பே யோன் மலையகத்துக்குப் போய்விட்டான். அப்புத்தளையில் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு பங்குத்தந்தையின் பழைய கட்டடத்தில் இருந்தான். அது அவனுடைய அக்காவுக்கும் எனக்கும் மட்டும் தெரியும். நான் கேட்காமலே சொன்னான். மனிதன் பயந்திருக்கும்போது யாராவது ஒருவருக்குத் தான் இருக்கும் இடம் தெரியவேண்டும் என்று நினைப்பான் போலிருக்கிறது.

செய்தி நன்றாகப் போனது. இங்கே ஒரு தொலைக்காட்சி அதை எடுத்தது, பிறகு லண்டனில் ஒன்று, பிறகு பல. மூன்று மீனவக் குடும்பங்களைப் பற்றி யாருக்கும் பெரிதாக அக்கறை இல்லை. சீன நிறுவனம் என்ற சொல்தான் ஓடியது. எங்கள் ஊரில் உள்ளூர் முதலாளிகள் கட்டிய எத்தனையோ கட்டடங்களிலிருந்து எங்கள் ஆட்கள் விழுந்து செத்திருக்கிறார்கள், ஒரு கமெராவும் வந்ததில்லை. பெர்னார் என்னைக் கட்டிப்பிடித்துக் கன்னத்தில் முத்தமிட்டு, ஒரு மண்டபத்தில் பேசக் கூப்பிட்டார். நான் போய்ப் பேசினேன். கைதட்டினார்கள். நல்ல வைன் கொடுத்தார்கள்.

ஆனால் அன்று என் பக்கத்தைத் திறந்து பார்த்தபோது வலப்பத்தி வெறுமையாக இருந்தது. சீன நிறுவனம் அதைப் பற்றி ஒரு வரியும் வெளியிடவில்லை. இல்லாததை நான் எப்படிப் போடுவது? துலாக்கோல் தொடங்கிய காலத்திலிருந்து அப்படி ஒரு வெறுமை வந்ததில்லை. இடப்பக்கம் நிரம்பி வழிந்தது, வலப்பக்கம் வெள்ளையாகக் கிடந்தது. எனக்கு அதைப் பார்க்க உடம்பு கூசியது. அப்போது நேயர்களும் எழுதத் தொடங்கினார்கள். தவம் கடைசியில் வெள்ளைக்காரனின் ஆளாகிவிட்டார் என்றார்கள். வேறு எதைச் சொன்னாலும் பொறுத்திருப்பேன்.

மலர்விழி வந்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். தோசை சாப்பிட்ட கையைத் துடைத்துக்கொண்டு, வழக்கமான கதிரையில் இருந்தார்.

"எனக்குக் கோபம் இல்லை, ஐயா. கொஞ்சம் வருத்தம்தான். உங்கள் துலாக்கோலில் ஒரே ஒரு தட்டு மட்டும் இருப்பதை இப்போதுதான் பார்க்கிறேன்."

அவ்வளவுதான் சொன்னார். யார் அந்த ஆள் என்று கேட்கவில்லை. காணொளி அனுப்புவதை நிறுத்துவேன் என்று சொல்லவில்லை, நிறுத்தவும் இல்லை. இதை நீங்கள் தெளிவாகக் குறித்துக்கொள்ளவேண்டும். குடையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். நான் அவர் இருந்த கதிரையை மேசைக்கடியில் தள்ளிவைத்தேன். பிள்ளைகள் பரீட்சையில் தோற்றால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

இந்த நிலையில்தான் யோனின் தாய் பிலோமினா இறந்தார். இதய வருத்தம். அந்த ஆட்கள் வந்துபோன பிறகு அவர் சரியாகச் சாப்பிடவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். பாரிசுக்குப் பக்கத்தில் ஓல்னே-சூ-புவாவில் இருக்கும் மூத்த மகள் அற்புதராணி, தாயின் படத்தை எடுத்துக்கொண்டு அறிவித்தல் கொடுக்க இங்கே வந்தார். நீங்கள் இருக்கிற இதே கதிரையில் இருந்தார். அழுது முடித்துவிட்டு வந்திருந்தார், நிதானமாகப் பேசினார்.

"தம்பியின்ரை பேரைப் போடாமல் விடேலாது அண்ணை. ஒரே ஒரு ஆம்பிளைப் பிள்ளை. அம்மாவின்ரை அறிவித்தலிலை அவன்ரை பேர் இல்லையெண்டால் ஊரிலை என்ன கதைப்பினம்?"

"போடத்தான் வேணும்," என்றேன்.

"பேருக்குப் பக்கத்திலை இந்தியா எண்டு போடுங்கோ."

"அவர் இந்தியாவிலை இல்லையே, தங்கச்சி."

"எனக்குத் தெரியும் அண்ணை. அதுக்குத்தானே கேக்கிறன்."

மரண அறிவித்தலில் பொய்த் தகவல் போடுவதில்லை என்று அவருக்கு விளக்கினேன். அதை நம்பித்தான் சனம் தொலைபேசி எடுக்கிறது, விமானச்சீட்டு எடுக்கிறது, துக்கம் கேட்கப் போகிறது. ஒரு தகவல் பொய் என்று வந்தால் பிறகு முழுத்தளத்தையும் யார் நம்புவார்கள்? அவர் மறுத்துப் பேசவில்லை. படித்தவர்கள் சொன்னால் சரியாக இருக்கும் என்று நினைக்கிற குடும்பம்.

"அப்ப ஊர் ஒண்டும் வேண்டாம். பேரை மட்டும் போட்டுவிடுங்கோ."

"ஓம்," என்றேன்.

மறுநாட்காலை அறிவித்தல் வந்தது. பேசாலையைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட திருமதி பிலோமினா அவர்கள் இறைபதம் அடைந்தார். அன்னார் அற்புதராணி (பிரான்ஸ்), யோன் (அப்புத்தளை) ஆகியோரின் பாசமிகு தாயாரும் ஆவார். கீழே மருமகன், பேரப்பிள்ளைகள், சகோதரர்கள். படத்தைச் சுற்றி ஒரு சிலுவையும் இரண்டு மெழுகுதிரியும் நானே வைத்தேன். பார்க்க வடிவாக இருந்தது.

நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள். நான் தொடர்ந்து சொல்கிறேன், வரிசையாகச் சொன்னால் விளங்கும்.

அடைப்புக்குறி இல்லாமல் ஒரு பிள்ளையின் பெயரை விட்டால் பார்ப்பவர் கண் அங்கேதான் போய் நிற்கும். மற்றப் பிள்ளைக்கு நாடு இருக்கிறதே, இவன் எங்கே என்று கேட்பார்கள். அதைவிட உள்ளதைப் போடுவது இயல்பாக இருக்கும் என்பது என் தொழில் அனுபவம். இதைத்தான் நான் ஷிரோமியிடமும் சொன்னேன். அவள் காலையில் வந்து கணினியைத் திறந்தவள், என் பக்கம் திரும்பினாள்.

"அண்ணை, இந்த ஊரை ஆர் போட்டது? அவ குடுத்ததிலை இது இல்லை. நான் பாத்தனான்."

"விடு பிள்ளை. மரண அறிவித்தல்தானே."

"மே நோன், இல்லை அண்ணை. பேசாலையிலை அவனைத் தேடித்தானே போனவங்கள்? அப்புத்தளை சின்ன ஊர். மன்னார்ப் பொடியன் ஒருத்தன் எண்டு கேட்டால் கடைக்காரனே காட்டிவிடுவான்."

அவள் என்னைக் கேட்காமலே அறிவித்தலை நீக்கினாள். பிறகு வெளியே போய்ப் படிக்கட்டில் நின்று யாருக்கோ தொலைபேசி எடுத்தாள். அற்புதராணிக்கு எடுத்திருக்கலாம். அவர் அந்த நேரம் தாயின் இறுதிக்கிரியைக்காக விமானத்தில் இருந்தார். யோனின் இலக்கம் ஷிரோமியிடம் இல்லை.

வெளியிட்ட செய்தியை ஒருவருக்கும் சொல்லாமல் நீக்குவதற்கு எங்கள் தொழிலில் பெயர் தணிக்கை. அதைத்தானே பெய்ஜிங்கில் செய்கிறார்கள் என்று நீங்களெல்லாம் எழுதுகிறீர்கள். என் அலுவலகத்தில் அது நடப்பதை நான் அனுமதிக்க முடியாது. அறிவித்தலைத் திரும்பவும் போட்டேன். ஷிரோமியின் கடவுச்சொல்லையும் மாற்றினேன். அவள் படியேறி வந்து பார்த்துவிட்டு, தன் மேலங்கியை எடுத்துக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு இந்த மாடிக்கு வரவில்லை. அவள் உங்களிடம் ஏற்கெனவே பேசியிருக்கலாம். அவள் சொன்னது ஒரு தரப்பு. இது மறுதரப்பு.

அன்று பிற்பகல் மலர்விழி அழைத்தார். வழக்கம்போல அறிவித்தலை வாசித்திருந்தார்.

"அந்த அம்மையாரின் முகம் மிகவும் சாந்தமாக இருக்கிறது, ஐயா. ஒரு சந்தேகம். எல்லா உறவினரும் மன்னாரிலும் பிரான்சிலும் இருக்கிறார்கள். மகன் மட்டும் ஏன் மலைநாட்டில் இருக்கிறார்?"

"வேலையாக இருக்கலாம்," என்றேன்.

"அப்படியா," என்றார். பிறகு பெறாமகளுக்கும் மருமகளுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டார். விளக்கினேன். அவர் அந்தத் தகவலை யாருக்காவது சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. சொல்லியிருக்கலாம். சொல்லாமலும் இருக்கலாம். குத்தகைக்காரரின் ஆட்களுக்கு அவர் தேவையே இல்லை என்பதும் உண்மை. அவர்களும் எங்கள் சனம்தான், தளத்தைத் திறந்தால் அவர்களும் முதலில் பார்ப்பது அதைத்தான்.

அன்று மாலை யோன் ஒரு குரற்செய்தி அனுப்பினான். அவனால் தாயின் இறுதிக்கிரியைக்குப் போகமுடியவில்லை.

"அண்ணை, அம்மாவின்ரை அறிவித்தல் பாத்தன். சரியான வடிவாப் போட்டிருக்கிறியள். அந்தப் படம் நான் எடுத்தது, பெருநாளுக்கு. பங்குச் சாமிக்குப் பகல் முழுக்க அதைத்தான் காட்டிக்கொண்டிருந்தனான். பிள்ளையள் எண்டு என்ரை பேரும் கிடக்கு. அது போதும் அண்ணை. பெரிய நன்றி."

அவன் பெயரைப் பார்த்தான், பக்கத்தில் இருந்ததைப் பார்க்கவில்லை. அழுத கண்ணுக்கு எல்லாம் தெரியாது. அல்லது பார்த்தும், எல்லாருக்கும் போடுகிற மாதிரித்தானே என்று விட்டிருப்பான். ஊர்ப்பெயர் இல்லாத பிள்ளையை எங்களில் யார்தான் பார்த்திருக்கிறார்கள்? நான் அந்தச் செய்தியை இரண்டாம் தடவையும் கேட்டேன். உடனே அங்கிருந்து போய்விடு என்று நான் ஒரு வரி எழுதியிருக்கலாம். தொலைபேசி கையில்தான் இருந்தது. ஆனால் செய்தியாளன் நிகழ்வில் தலையிடக்கூடாது. தலையிட்டால் அவன் ஒரு பக்கத்துக்கு ஆளாகிவிடுகிறான். பதிலுக்கு ஒரு கும்பிடும் கைப்படம் மட்டும் அனுப்பினேன்.

அந்த வாரமே அவனை ரயில் பாதையோரம் பள்ளத்தில் கண்டெடுத்தார்கள். கொழுந்தெடுக்கப் போன பெண்கள் கண்டார்கள். ரயில் பெட்டி வாசலில் நின்று தவறி விழுந்தான் என்று பொலிஸ் சொன்னது. அவனிடம் ரயில் சீட்டு இருக்கவில்லை. கைகள் இருந்த விதத்தைப் பற்றிப் பங்குத்தந்தை ஏதோ சொன்னார். அதை நான் இங்கே சொல்லவில்லை.

நான் வழக்கம்போலத்தான் செய்தேன். இடப்பத்தியில்: சீன நிறுவனத்தின் இரகசியத்தை வெளியிட்டவர் படுகொலை. வலப்பத்தியில்: மலையகத்தில் ரயில் விபத்து, இளைஞர் பலி. ஓம், இம்முறை சீனத் தரப்பிலிருந்து செய்தி வந்தது. இறங்குதுறை வேலைக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று உள்ளூர் அதிகாரிகளை ஆதாரம் காட்டி எழுதியிருந்தார்கள். அந்த இறங்குதுறையைப் பற்றி அவர்கள் எழுதிய முதற்செய்தி அது. இரண்டு பத்தியும் ஏறக்குறைய ஒரே நீளத்தில் வந்தன. குத்தகைக்காரரின் பெயர் இரண்டிலும் இல்லை. மேற்குக்கு அவர் சின்ன ஆள், சீனாவுக்கு அவர் தங்கள் ஆள். அவர் பெயரைப் போட எனக்குத்தான் மூன்றாவது பத்தி இல்லையே. பக்கத்தைப் பார்த்தேன். மனம் அமைதியாக இருந்தது. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை, கேட்டதற்கு உண்மை சொல்லவேண்டும்.

பெர்னார் ஓர் அஞ்சலிக் கூட்டம் வைத்தார். யோனின் படத்துக்கு முன்னால் நான்தான் முதலில் பேசினேன். மலர்விழி வெள்ளைப் பூ அனுப்பியிருந்தார், தமிழில் தன் கைப்பட எழுதிய அட்டையோடு. ஒற்றுப்பிழை ஒன்றும் இல்லை. கூட்டம் முடிந்தபின் அற்புதராணி என்னிடம் வந்தார். மெலிந்து போயிருந்தார்.

"அண்ணை, உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். ஆர் அவனைக் காட்டிக்குடுத்தது?"

"ரெண்டு தரப்பும் ரெண்டு மாதிரிச் சொல்லுகினம், தங்கச்சி."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். தாயின் அறிவித்தலை அவர் ஊன்றிப் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன், ஷிரோமியாலும் அவருக்குச் சொல்ல முடியவில்லைப் போலிருக்கிறது. செத்தவீட்டுக்காரர் தங்கள் அறிவித்தலைப் படிப்பதில்லை, மற்றவர்கள்தான் படிக்கிறார்கள். அவருக்கு அது இனித் தெரியவரும். உங்கள் அறிக்கை வெளிவந்தால் தெரியவரும்.

ஷிரோமி போகும்போது கேட்ட ஒரு கேள்வியை நான் உங்களுக்குச் சொல்லாமல் விட்டுவிட்டேன். பொய் போடமாட்டியள் எண்டால் இலங்கை எண்டு போட்டிருக்கலாமே அண்ணை, அதுவும் உண்மைதானே, என்றாள். அற்புதராணிக்குப் பிரான்ஸ் என்று நாட்டைத்தான் போட்டிருந்தேன், ஓல்னே என்று போடவில்லை. அது அந்த நேரம் எனக்குத் தோன்றவில்லை என்று அவளிடம் சொன்னேன்.

தோன்றியது. முதலில் இலங்கை என்றுதான் தட்டினேன். பார்த்தேன். வலப்பத்தி வெள்ளையாகக் கிடந்தது நினைவுக்கு வந்தது. அந்தப் பெரிய மண்டபம், கைதட்டல், எல்லாம் ஒரு பக்கமாகவே போயிருந்தது. அழித்துவிட்டு அப்புத்தளை என்று போட்டேன். ஒரு தரப்புக்கு அவனுடைய குரலைக் கொடுத்திருந்தேன். மறுதரப்புக்கு அவன் இருந்த இடத்தைக் கொடுத்தேன். அதற்குமேல் யார் என்ன செய்தார்கள் என்பது அவரவர் பொறுப்பு.

கடைசிக் கேள்வியை நீங்கள் எல்லாரிடமும் கேட்கிறீர்களாம். சீனத் தரப்போ மேற்குத் தரப்போ எதை வெளியிடவேண்டும் என்று உங்களை எப்போதாவது வற்புறுத்தியதா, மிரட்டியதா, விலை பேசியதா?

இல்லை, மடாம் நதாலி. மலர்விழி ஒன்றும் கேட்கவில்லை. பெர்னார் ஒன்றும் கேட்கவில்லை. குத்தகைக்காரருக்கு என் பெயர்கூடத் தெரிந்திருக்காது. அந்த ஊரின் பெயரை நான் முழுச் சுதந்திரத்துடன் தட்டச்சுச் செய்தேன். உங்கள் அறிக்கையில் எங்களைச் சுதந்திர ஊடகம் என்ற பிரிவிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள்.